சுவிட்ச் யார் கையில்? பேர்லின் நகரின் வெளிச்சக் கதை

விண்வெளியிலிருந்து இரவில் எடுக்கப்பட்ட பேர்லின் நகரின் படம் ஒன்று 2013 இல் இணையத்தில் பரவலாகப் பகிரப்பட்டது. நகரின் கிழக்குப் பகுதி மஞ்சளாகவும் மேற்குப் பகுதி வெண்மையாகவும் அதில் தெரிந்தது. சுவர் விழுந்து 20 வருடங்களுக்கு மேலாகியும் தெருவிளக்குகளில் பிரிவினை மிச்சமிருந்தது. அந்தப் படம்தான் பேர்லினின் எரிவாயு, மின்சார வரலாற்றைத் தேடி வாசிக்க என்னைத் தூண்டியது. ஒரு நகரத்தின் வெளிச்சம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எங்களுக்கும் புதியதல்ல.

கம்பனியும் மாநகரமும்

பேர்லின் தெருக்களில் எரிவாயு விளக்குகள் முதன்முதலில் 1826 இல் எரிந்தன. அவற்றை ஏற்றியது ஓர் ஆங்கிலக் கம்பனி. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலன்களில் சூடாக்கி, வெளிவரும் வாயுவைக் குழாய்கள் வழியே அனுப்புவதே அன்றைய முறை. கம்பனிக்கு 21 வருட ஒப்பந்தம் இருந்தது. 1847 இல் மாநகரம் தனது சொந்த எரிவாயு ஆலைகளைத் தொடங்கியது.

மின்சாரத்திலும் இதே கதைதான். 1884 இல் எமில் ராத்தனாவ் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'மாநகர மின்நிலையங்கள்'. பெயரில்தான் மாநகரம் இருந்தது, உரிமை தனியாருடையது. 1915 இல் மாநகரம் அதை வாங்கியது. 1931 பொருளாதார நெருக்கடியில் பங்குகளை விற்க வேண்டி வந்தது.

துண்டிக்கப்பட்ட கம்பிகள்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் நகரம் பங்கிடப்பட்டது. ஆனால் மின்கம்பிகள் ஒன்றுபட்ட நகரத்துக்காகப் போடப்பட்டவை. 1927 இல் கட்டப்பட்ட பெரிய மின்நிலையமான கிளிங்கன்பேர்க் சோவியத் பகுதிக்குள் போனது. மேற்கிலிருந்த பெரிய மின்நிலையத்தின் இயந்திரங்களைச் சோவியத் படையினர் ஏற்கெனவே கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள்.

1948 ஜூன் 24 இல் முற்றுகை தொடங்கியது. வீதி, புகையிரதப் பாதை, நீர்வழி எல்லாம் மூடப்பட்டன. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நிறுத்தப்பட்டது. மேற்கில் இருந்தவர்கள் 20 இலட்சத்துக்கும் அதிகம். வீடுகளுக்கு நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம், அதுவும் இரண்டு தடவையாகப் பிரித்துத்தான் மின்சாரம் கிடைத்தது.

விமானங்கள் கொண்டுவந்து இறக்கியது மொத்தம் சுமார் 23 இலட்சம் தொன். உணவுதான் அதிகம் என்று நினைப்போம். ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. மேற்கு மின்நிலையத்தைத் திரும்பக் கட்டத் தேவையான பாகங்களும் விமானத்திலேயே வந்தன. முற்றுகை 1949 மே மாதம் நீங்கியது. மின்நிலையம் அவ்வருட டிசெம்பரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் அதற்கு முற்றுகைக்கால மேயர் ஏர்ன்ஸ்ட் ரொய்ட்டரின் பெயர் வைக்கப்பட்டது.

1952 இல் இரு பகுதிகளின் மின்வலையமைப்புகளும் முற்றாகப் பிரிந்தன. அதன்பின் மேற்கு பேர்லின் மின்சாரத்தில் ஒரு தீவு. ஒரு மின்நிலையம் பழுதானால் உதவ அயல் வலையமைப்பு இல்லை. அதனால் தேவைக்கு மேலான மின்நிலையங்களை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டியிருந்தது. திடீர் வீழ்ச்சிகளைத் தாங்க 1986 இல் 17 மெகாவாற் பற்றரித் தொகுதி ஒன்றையும் அமைத்தார்கள். 1994 டிசெம்பரில்தான் அந்தத் தீவு மீண்டும் நாட்டின் வலையமைப்போடு இணைந்தது. சுவர் விழுந்து ஐந்து வருடங்களுக்குப் பிறகு!

1990 இல் மின்சாரம் நின்ற யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை என்னுடையது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதை உங்களில் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்களுக்கு விமானத்தில் நிலக்கரி வரவில்லை. மண்ணெண்ணெயே அளந்துதான் கிடைத்தது. இரண்டு இடத்திலும் நடந்த போர்கள் வேறு. ஆனால் மின்சாரம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வருகிறது என்பது சமாதான காலத்தில் பொறியியல் விடயம், போர்க்காலத்தில் அது ஆயுதம்.

விற்றதும் மீண்டும் வாங்கியதும்

இவ்வளவு பாடுபட்டுக் காத்த மின்சார நிறுவனத்தை 1997 இல் நகர அரசு விற்றது. அடுத்த வருடம் எரிவாயு நிறுவனமும் போனது. காரணம் கடன். பிறகு மக்கள் கையொப்பம் சேர்த்து, மின்வலையமைப்பைத் திரும்ப வாங்கக் கோரினார்கள். 2013 நொவெம்பரில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 83 வீதமானோர் ஆம் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 25 வீதமானோரின் ஆதரவு வேண்டும் என்ற விதியால் அது மயிரிழையில் தோற்றது. கோரிக்கை மட்டும் சாகவில்லை. 2021 இல் நகர அரசு சுமார் 210 கோடி யூரோ கொடுத்து வலையமைப்பை வாங்கியது.

மின்நிலையம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதைச் சுன்னாகம் எங்களுக்குக் காட்டியது. கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றம் 2019 இல் உத்தரவிட்டது. கிணற்றுத் தண்ணீருக்காக மக்கள் கொழும்பில் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. மின்சாரத்துறை மறுசீரமைப்பு என்று இங்கு பேசப்படும் ஒவ்வொரு முறையும் கட்டணத்தைப் பற்றி மட்டும் விவாதிக்கிறோம். எங்கள் ஊருக்கு வரும் கம்பிக்கும் எங்கள் ஊரில் நிற்கும் மின்நிலையத்துக்கும் யார் எங்களிடம் பதில் சொல்வார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.