கல்லுக்கு ஒரு பெயர்: சிறுகோள்களுக்குப் பெயர் வைப்பது யார்?

காணி விடுவிப்புத் தொடர்பாக எழுதுவதற்காக அண்மையில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குவதைக் கண்டேன். கருநீலத் தாள், பொன்னிற எழுத்து, கீழே ஒரு முத்திரை. ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயர் அந்த வீட்டு அம்மாவின் மகனுடையது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைக் கண்டவர் எவருமில்லை.

"பிள்ளை, உது கனடாவில இருந்து இவன்ர சித்தப்பா அனுப்பினது. இவன்ர பேரில ஒரு நட்சத்திரம் வாங்கி விட்டிருக்கிறாராம். நீ படிச்ச பிள்ளை, சொல்லு பாப்பம். உது உண்மையோ?"

அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் உண்மையில்லை என்று விளங்கப்படுத்தத் தெரியவில்லை. நான் படித்தது ஊடகக் கற்கை, வானியல் அல்ல. "தேடிப் பாத்திட்டு வந்து சொல்லுறன் அன்ரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படித் தேடிக் கண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சான்றிதழ். வானத்தில் உள்ளவற்றுக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் உலக அளவில் ஒரே ஒரு அமைப்பிடம்தான் இருக்கிறது. அது சர்வதேச வானியல் ஒன்றியம். அவர்கள் எந்தப் பெயரையும் விற்பதில்லை. இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்துத் தருபவர்கள், அந்தப் பெயரைத் தங்களுடைய கொப்பியில் எழுதி வைக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த வானியலாளரும் அதைப் பார்ப்பதில்லை.

நட்சத்திரங்களுக்கு அந்த ஒன்றியம் பெயர் வைக்கும் சந்தர்ப்பங்கள் அரிது. 2019 இல் நாட்டுக்கு ஒரு நட்சத்திரம் என்று கொடுத்து, அந்தந்த நாட்டு மக்களையே பெயர் வைக்கச் சொன்னார்கள். இலங்கைக்கு எச்.டி. 205739 என்ற நட்சத்திரமும் அதைச் சுற்றும் கோள் ஒன்றும் கிடைத்தன. நட்சத்திரத்துக்கு 'சாமய', கோளுக்கு 'சமகிய' என்று பெயரிடப்பட்டது. சமாதானம், ஒற்றுமை. இரண்டு பெயரும் சிங்களத்தில் மட்டும். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் சாதாரண மனிதர்களின் பெயர்கள் உண்மையாகவே, செலவில்லாமல், நிரந்தரமாக ஏறும் ஓரிடம் வானத்தில் இருக்கிறது. அதுதான் சிறுகோள்கள். பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் பாறைத் துண்டுகள் இவை. இலக்கம் பெற்றவை மட்டுமே எட்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. பெயர் பெற்றவை ஏறத்தாழ 25 ஆயிரம்தான்.

முதலாவதைக் கண்டவர் இத்தாலியின் சிசிலித் தீவில் பலேர்மோ நகரிலிருந்த பாதிரியார் ஜுசெப்பே பியாற்சி. 1801 ஜனவரி 1 ஆம் திகதி. அவர் வைத்த பெயர் 'செரெஸ் ஃபெர்டினாண்டேயா'. செரெஸ் என்பது ரோமானியரின் விளைச்சல் தெய்வம். ஃபெர்டினாண்ட் என்பவர் அப்போது அங்கே ஆண்ட மன்னர். மற்ற நாட்டு வானியலாளர்கள் தெய்வத்தை வைத்துக்கொண்டு மன்னரைக் கழற்றிவிட்டார்கள். 1850 இல் இலண்டனில் ஜோன் ரஸல் ஹைண்ட் தான் கண்ட ஒன்றுக்கு விக்டோரியா என்று பெயரிட்டபோதும் இதே சண்டை வந்தது. உயிரோடிருக்கும் மகாராணியின் பெயரை வைக்கக் கூடாது என்று அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். அது ரோமானியரின் வெற்றித் தெய்வத்தின் பெயரும்தான் என்று சொல்லி அவர் தப்பித்துக்கொண்டார்.

பிறகு புகைப்படத் தட்டுகள் வந்தன. சிறுகோள்கள் கூட்டம் கூட்டமாக அகப்படத் தொடங்கின, தெய்வங்கள் தீர்ந்துபோயின. மனைவி, மகள், ஊர், பல்கலைக்கழகம் என்று பெயர்கள் தரையிறங்கின. அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1971 இல் கண்டுபிடித்த ஒன்றுக்குத் தன் பூனையின் பெயரை வைத்தார்: 2309 மிஸ்டர் ஸ்பொக். அதன் பிறகுதான், வளர்ப்புப் பிராணிகளின் பெயர் வேண்டாமே என்று ஒன்றியம் கேட்டுக்கொண்டது.

இன்றைய நடைமுறை இதுதான். புதிதாக ஒன்றைக் கண்டவுடன் அதற்குத் தற்காலிகக் குறியீடு ஒன்று கிடைக்கும். கடந்த ஆண்டின் தொடக்கத்தில், பூமியில் மோதக்கூடும் என்று செய்திகளில் அடிபட்ட '2024 வை.ஆர்.4' நினைவிருக்கலாம். 2024 என்பது கண்ட ஆண்டு. ஆண்டை இருபத்து நான்கு அரை மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. 'வை' என்றால் டிசெம்பரின் பிற்பாதி. 'ஆர்.4' என்பது அந்த அரை மாதத்தில் அது எத்தனையாவது என்பதற்கான கணக்கு. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து எழுத்துகள், நான்கு சுற்று முடிந்து பதினேழாவது எழுத்து. ஆக 117 ஆவது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்கு அந்த அம்மாவின் கோப்பு ஞாபகம் வந்தது. ஓரிடத்தில் கொடுத்த முறைப்பாட்டு இலக்கம், இன்னோரிடத்தில் கொடுத்த இன்னோர் இலக்கம், சாட்சியம் சொன்ன திகதிக்கு ஒரு துண்டு. மகனின் பெயரை விட இலக்கங்கள்தான் அதில் அதிகம்.

சிறுகோளுக்கு நிலைமை இதைவிடக் கொஞ்சம் நல்லது. பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து, அது எந்த வழியால் போய் எந்த வழியால் வரும் என்பது உறுதியானதும், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள சிறுகோள் மையம் அதற்கு நிரந்தர இலக்கம் கொடுக்கும். அன்றிலிருந்து பத்து ஆண்டுகளுக்குப் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. பெயரோடு, ஏன் இந்தப் பெயர் என்பதைச் சில வரிகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றியத்தின் குழு ஒன்று அதை ஏற்கும் அல்லது மறுக்கும். பெயர் 16 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது. ஏதாவது ஒரு மொழியில் வாயால் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். வியாபாரப் பெயர் கூடாது. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைப்பதும் வழக்கமில்லை.

எங்களுக்கு முக்கியமான விதி இன்னொன்று. அரசியலாலோ இராணுவத்தாலோ அறியப்பட்ட ஒருவரின் பெயரை, அவர் இறந்து நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே வைக்கலாம். அந்த வகையான நிகழ்வுகளுக்கும் அதே நூறு ஆண்டுகள். 2009 இல் நடந்த ஒன்றின் பெயரை ஒரு கல்லுக்கு வைக்க வேண்டுமென்றால் 2109 வரை பொறுக்க வேண்டும்.

விதியை வாசித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு பெயர்ப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினேன்.

1793 சோயா. 1977 ஷூரா. 2072 கொஸ்மொதெமியான்ஸ்கயா. மூன்றையும் கண்டவர் கிரிமியாவில் வேலை செய்த சோவியத் வானியலாளர் தமாரா ஸ்மிர்னோவா. சோயா பதினெட்டு வயதில் 1941 நவம்பரில் மொஸ்கோவுக்கு அருகே ஜேர்மன் படைகளால் தூக்கிலிடப்பட்ட பெண். ஷூரா அவருடைய தம்பி. தாங்கி ஓட்டப் போய், போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், 1945 ஏப்ரலில் இறந்தார். மூன்றாவது கல் அந்த இருவரின் தாய் லியுபோவுக்கு. சோவியத் அரசு தன் மாவீரர்களை எப்படிப் பயன்படுத்தியது என்பது வேறு கதை, அதில் பிரசாரம் நிறைய உண்டு. இன்றைய விதியின்படி சோயாவின் பெயர் கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆனாலும் தாய்க்கும் ஒரு கல் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

5535 ஆன்ஃபிராங்க். இதைக் கண்டவர் கார்ல் ரைன்முத், நாஸி ஆட்சியின் கீழிருந்த ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில், 1942 மார்ச் மாதம். அந்த மார்ச்சில் ஆன் ஃபிராங்க் அம்ஸ்ரடாமில் உயிரோடிருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நாட்குறிப்பை இன்னும் தொடங்கவில்லை. ஜூனில்தான் அந்தக் கொப்பி கிடைத்தது, ஜூலையில் குடும்பம் ஒளிந்துகொண்டது, 1945 இல் முகாமில் இறந்தார். கல் பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்து, 1995 இல் அவருடைய பெயரைப் பெற்றது. 2002 நவம்பரில் நாசாவின் ஸ்ரார்டஸ்ட் விண்கலம் அதிலிருந்து சுமார் 3,000 கிலோமீற்றர் தொலைவால் கடந்தபோது படமெடுத்தது. ஆறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளம், ஒழுங்கற்ற ஒரு பாறை.

50413 பெத்தர்கின்ஸ். என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த பெயர் இது. பெத்தர் கின்ஸ் பிராக் நகரத்து யூதச் சிறுவன். பதினான்கு வயதில் தெரேசின் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டான். அங்கே மற்றப் பையன்களோடு சேர்ந்து 'வெதெம்' என்ற இரகசியச் சஞ்சிகையை நடத்தினான். சந்திரனில் நின்று பார்த்தால் பூமி எப்படித் தெரியும் என்று ஒரு படம் கீறினான். 1944 இல் அவுஸ்விட்ஸில் கொல்லப்பட்டபோது வயது பதினாறு. 2003 இல் இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலன் ரமோன், அவுஸ்விட்ஸில் தப்பிய ஒரு தாயின் மகன், அந்தப் படத்தின் பிரதியைக் கொலம்பியா விண்ணோடத்தில் எடுத்துச் சென்றார். பெப்ரவரி 1 ஆம் திகதி திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அன்று பெத்தரின் 75 ஆவது பிறந்தநாள்.

செய்திகளில் அந்தப் படத்தைக் கண்ட ஒருவர், பிராக்கில் தன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கொப்பிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். அவை பெத்தரின் நாட்குறிப்புகள். இன்று பெத்தருக்கு ஒரு கல் உண்டு. கொலம்பியாவில் இறந்த ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று உண்டு. 51826 கல்பனாசாவ்லா, 51828 இலன்ரமோன் ஆகியவை அந்த ஏழில் இரண்டு.

இங்கேதான் நூறு ஆண்டு விதி எனக்கு விளங்கியது. போரை நடத்தியவரின் பெயரைத்தான் அது தடுக்கிறது. போர் கொன்ற பிள்ளையின் பெயரைத் தடுக்கவில்லை. 2001 செப்டெம்பர் 11 இல் இறந்தவர்களுக்காக இரக்கம், தோழமை, பெருந்தன்மை என்ற பொருள்படும் பெயர்களை 8990, 8991, 8992 ஆகியவற்றுக்கு வைத்தார்கள்.

எங்கள் பக்கத்துப் பெயர்கள் இல்லாமல் இல்லை. 1958 சந்திரா, வானியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். 4130 இராமானுஜன், தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988 இல் காணப்பட்டது. கொழும்பில் வாழ்ந்து மறைந்த ஆர்தர் சி. கிளார்க்குக்கு 4923. அவர் 2001 ஆம் இலக்கத்தை விரும்பியிருந்தார், அதை ஐன்ஸ்டைன் எடுத்துவிட்டார். அமெரிக்காவின் 'லினியர்' திட்டம் விஞ்ஞானப் போட்டிகளில் வென்ற பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும்கூடக் கற்களைக் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் வழி என்ன? கண்டுபிடிப்பவர் வேண்டும். ஹவாயிலுள்ள பான்-ஸ்ரார்ஸ் தொலைநோக்கியின் படங்களைப் பல நாட்டுப் பாடசாலை மாணவருக்கு இலவசமாக அனுப்பி, நகரும் புள்ளிகளைத் தேடச் சொல்லும் சர்வதேசத் திட்டம் ஒன்று இருக்கிறது. கணினியும் இணையமும் போதும். பிள்ளைகள் கண்ட புள்ளி ஒன்று நிரந்தர இலக்கம் பெற்றால் பெயரை அவர்களே முன்மொழியலாம். அதற்குப் பல ஆண்டுகள் செல்லும், கிடைக்காமலும் போகலாம். எங்கள் விஞ்ஞான ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் முயன்று பார்க்கலாம்.

போன கிழமை திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப காசு குடுத்து வாங்கினது செல்லாதோ?"

"செல்லாது அன்ரி."

கொஞ்ச நேரம் சான்றிதழைப் பார்த்தார். "கிடக்கட்டும். அவர் பாவம், ஆசையா அனுப்பினவர்" என்றார். பிறகு அந்த ரஷ்யத் தாயைப் பற்றித் திரும்பக் கேட்டார்.

"தாயும் பிள்ளையளும் மேல கிட்டக்கிட்டவோ இருக்கினம்?"

"இல்லை அன்ரி. மூண்டுக்கும் வேற வேற பாதை."

"ம்" என்றார். தேத்தண்ணி ஊத்த எழுந்து உள்ளே போனார்.