அச்சுக்காக உருகும் உலோகம்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் ஊட்டி ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைத்தவர்கள் மலையைப் பார்ப்பார்கள். தப்பில்லை. ஆனால் ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, டீயையும் குரங்குகளையும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு எஞ்சின் பக்கம் போய்ப் பாருங்கள். நீள மூக்கு வைத்த எண்ணெய்க் கேனோடு ஒருவர் சக்கரங்களுக்கு நடுவே குனிந்து, இரும்பின் மேல் புறங்கையை வைத்து எடுப்பார். உள்ளங்கையை வைக்க மாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று அம்மாக்கள் பார்ப்பதும் அப்படித்தானே.

அவர் தேடுவதும் காய்ச்சலைத்தான். அச்சு சுழலும் பேரிங் சூடாகிவிட்டால் ரயில்வேக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹாட் ஆக்சில்’. பாய்லர் பெரிசு, புகை அழகு, விசில் சத்தம் கம்பீரம். ஆனால் ஒரு பழைய எஞ்சினை ஓட வைப்பதா, ஸ்டேஷன் வாசலில் பெயிண்ட் அடித்து நிறுத்துவதா என்று முடிவாவது பல சமயம் சக்கரத்துக்கு அடியில்தான்.

மாட்டுவண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாக வளைத்து, வரட்டி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். விரிந்த வளையத்தை நான்கு பேர் குறடால் தூக்கி வந்து சக்கரத்தில் மாட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். சுர்ரென்று ஆவி கிளம்ப, இரும்பு சுருங்கி ஆரக்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீராவி எஞ்சின் சக்கரத்துக்கு டயர் ஏற்றுவதும் இதே வித்தைதான். அங்கே தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிடுகிறார்கள். 800 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையத்தை 250 டிகிரி சூடேற்றினால் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் விரியும். டயரின் உள்விட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகக் கடைந்திருப்பதால் மாட்டும்போது இடம் இருக்கிறது, ஆறிய பிறகு அசைவதில்லை. தேய்ந்தால் டயரை மட்டும் கழற்றிவிட்டுப் புதிது போடலாம். நூறு வயது எஞ்சினின் காலில் போன வருஷத்துச் செருப்பு இருக்கலாம் என்று அர்த்தம்.

நீலகிரி மலை ரயிலில் இந்தத் தேய்மானத்துக்கு ஒரு கூடுதல் வில்லங்கம் உண்டு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பாதை பன்னிரண்டரை அடிக்கு ஓரடி வீதம் ஏறுகிறது. வழவழப்பான சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளைத் தள்ள இந்த ஏற்றம் விடாது. அதனால் நடுவில் இரட்டைப் பல்சட்டம். எஞ்சினுக்கு அடியில் அதைக் கடித்து ஏறும் பல்சக்கரங்கள், அதாவது பினியன்கள். இதற்கு ‘ஆப்ட்’ முறை என்று பெயர். அந்த மூன்று எழுத்தையும் விரித்து, மாறி மாறிக் கடிக்கும் பற்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கம் சொல்பவர்கள் நிறைய. பற்கள் மாறி மாறிக் கடிப்பது நிஜம். பெயர் மட்டும் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது.

ஓடும் சக்கரத்தின் டயர் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் எஞ்சினே 5 மில்லிமீட்டர் தாழும். பினியனும் அதே அளவு பல்சட்டத்துக்குள் ஆழமாக இறங்கும். சமவெளி எஞ்சினுக்குப் பொருட்டே இல்லாத தேய்மானம் இங்கே பல்லோடு பல் மோதும் விவகாரமாகிவிடும். இன்னொன்று: சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றியாக வேண்டும், பினியனோ பல் எண்ணி நடப்பது, அதற்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. இரண்டையும் ஒரே அச்சில் பூட்டியிருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துத் தேய்த்திருக்கும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் எஸ்.எல்.எம். கம்பெனி செய்த ‘எக்ஸ்’ கிளாஸ் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் ஒரு ஜோடி சக்கரங்களை ஓட்டும், இன்னொரு ஜோடி பினியன்களை ஓட்டும். முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த நீராவியே இரண்டாவது ஜோடிக்கும் போகிறது. சிக்கனம் ஒரு பக்கம். சக்கரமும் பல்லும் தத்தம் வேகத்தில் போகலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த அம்சம்.

இனி புறங்கை தேடிய இடம். மாட்டுவண்டியில் இருசுக்கும் சக்கரத்தின் குடத்துக்கும் நடுவே விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மசகு இருக்கும். எஞ்சினில் அந்த இடத்தில் இருப்பது வெண்ணிறமான ஒரு கலப்பு உலோகம். பெரும்பகுதி ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் வெள்ளீயம். கூட ஆன்டிமனியும் செம்பும். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லேத் பட்டறைகளில் ‘வைட் மெட்டல்’ என்றால் புரியும்.

கத்தியால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மெத்தென்ற உலோகத்தின் மேல் ஐம்பது டன்னை நெருங்கும் எஞ்சினை ஏன் உட்கார வைக்கிறார்கள்? மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்த மென்மைக்குள் கனசதுர வடிவில் கடினமான படிகங்கள் பொங்கலில் முந்திரிபோலப் பதிந்திருக்கும். பாரம் தாங்குவது முந்திரி. சுற்றியுள்ள குழைவு தூசியும் மணலும் வந்தால் உள்ளே வாங்கிக்கொண்டு அச்சில் கீறல் விழாமல் காக்கும். எண்ணெய் வற்றிச் சூடு 240 டிகிரியை ஒட்டி ஏறினால் இந்த உலோகம் உருகத் தொடங்கும். தான் அழிந்து அச்சைக் காப்பாற்றும். மறுபடி காய்ச்சி ஊற்றி, கடைந்து, அச்சில் நீல மை தடவிச் சுற்றி, மை ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டிச் சுரண்டிப் படிய வைப்பார்கள். இந்தக் கடைசி வேலைக்கு இன்னும் கையும் பொறுமையும்தான் கருவி.

இத்தனை செய்த பிறகும் ஓடும்போது அச்சு அந்த உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1883ல் இங்கிலாந்தில் பூஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியாக மேலே வந்து வழிந்தது. கார்க்கால் அடைத்தார், தள்ளிவிட்டது. மர ஆப்பு அடித்தார். அதுவும் மெல்ல வெளியே வந்தது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது. பேரிங் மேல் வைத்திருந்த சராசரிப் பாரமோ அதில் பாதிதான். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்து இடுக்கில் செருகி, அந்த அழுத்தத்தின் மேல் தானே மிதக்கிறது. 1886ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். அந்த எண்ணெய்ப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. மழை ரோட்டில் வேகமாகப் போகும் காரின் டயர் தண்ணீர் மேல் வழுக்குகிறதே, அதே சங்கதி. அங்கே ஆபத்து, இங்கே உயிர்.

படலத்தை உண்டாக்குவது வேகம். மலை ரயிலோ பல்சட்டப் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் போகும்; சக்கரம் வினாடிக்கு ஒன்றரைச் சுற்றை ஒட்டித்தான் சுற்றும். பாரம் அதிகம், சுழற்சி குறைவு: பேரிங்குக்கு இதைவிடக் கஷ்டமான பிழைப்பு இல்லை. வேகமாக ஓடுகிற எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்குத்தான் தேய்மானம் அதிகம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போதாக்குறைக்கு, தண்ணீருக்காக நிற்கும் ஒவ்வொரு முறையும் படலம் கலைந்து அச்சு உலோகத்தின் மேல் உட்காருகிறது. மறுபடி கிளம்பும் முதல் சில சுற்றுகள்தான் அதிகம் தேய்ப்பவை.

ரோலர் பேரிங் போட்டுவிட்டால் என்ன என்று கோயமுத்தூரில் பம்பு, மோட்டார் செய்கிற யாரும் உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1930ல் அமெரிக்காவின் டிம்கன் கம்பெனி எல்லா அச்சிலும் ரோலர் பேரிங் வைத்து 1111 என்ற எண்ணோடு ஒரு எஞ்சினை ஊர் ஊராக அனுப்பியது. டெண்டரோடு சேர்த்து 300 டன்னுக்கு மேல். சிகாகோவில் சில பெண்கள் கயிறு கட்டி அதை இழுத்துக் காட்டினார்கள். பிரிட்டனில் ஆர்வலர்கள் காசு சேர்த்து 2008ல் ஓடவிட்ட ‘டொர்னாடோ’விலும் ரோலர் பேரிங்தான். விண்டர்தூரில் எஸ்.எல்.எம்.மின் நீராவிப் பிரிவிலிருந்து வந்த ரோஜர் வாலரின் குழு, 52 8055 என்ற ஜெர்மன் எஞ்சினைப் புதுப்பித்தபோது சக்கரங்களை ஓட்டும் ராடுகளுக்கே ரோலர் பேரிங் மாட்டியது.

ஆனால் இதற்கு விலை உண்டு. ஒரு சக்கர ஜோடியில் ராடு மாட்டும் இடது, வலது கிராங்க் பின்கள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். எல்லா அச்சிலும் அந்தக் கோணம் ஒன்றாக இருந்தால்தான் அவற்றைப் பிணைக்கும் சைடு ராடு சிக்காமல் சுற்றும். வெள்ளை உலோகம் இதில் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ரோலர் பேரிங் பொறுக்காது. அதைக் கழற்றிப் புதிது போட, பெரும்பாலும் அச்சிலிருந்து சக்கரத்தையே பிரஸ் வைத்துப் பிடுங்க வேண்டியிருக்கும். மேலும் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்ற ஓர் அடுப்பும் தேர்ந்த கையும் இருந்தால் போதும்; ரோலர் பேரிங் அளவு மாறாமல் கடையில் கிடைத்தாக வேண்டும். தினம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது கேள்வியே இல்லை. 46 கிலோமீட்டர் மலைப் பாதைக்கு, அதுவும் நீராவி பெரும்பாலும் குன்னூரோடு நின்றுவிடும்போது, நான் வெள்ளை உலோகத்தின் கட்சி.

சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் ஆலை தன் கடைசி நீராவி எஞ்சினை 1972ல் முடித்தது. ஏறத்தாழ நாற்பது வருஷம் கழித்து, 2011ல், திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த மலைக்காகவே புதிய ‘எக்ஸ்’ எஞ்சினைச் செய்து அனுப்பியது. முதலில் எண்ணெயில் எரிபவை வந்தன. 2021ல் நிலக்கரியில் எரியும் ஒன்றும் வந்தது. யுனெஸ்கோ பட்டியலில் 2005ல் சேர்ந்த பாதையில் ஓடும் அந்த எஞ்சின்களின் வயது இன்றைய கல்லூரிப் பிள்ளைகளைவிடக் குறைவு. சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் மலையில் நூறு வருஷமாக ஓடும் எஞ்சினிலும் டயரையும் பேரிங் உலோகத்தையும் எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள். மாறாமல் காக்கப்படுவது அளவுகள்தான்: அந்த 90 டிகிரி, பல் இறங்கும் ஆழம், அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய்க்கென்று விட்டுவைத்த மயிரிழை இடம்.

ஹில்குரோவில் தொட்டி நிரம்பிவிட்டது. கேன்காரர் கடைசிச் சக்கரத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கையைப் பஞ்சு வேஸ்டில் துடைத்தபடி ஏறிக்கொள்கிறார். டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடி வாருங்கள், வண்டி கிளம்புகிறது.