விமானம் ஏறியவர் விட்டுப்போன கார்

சங்கராபுரத்துக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அது இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பயணிகள் விமானம் இறங்கும் இடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களிலும் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் சென்னை மீனம்பாக்கம், சிலருக்குத் திருச்சி. உள்நாட்டுப் பயணம் என்றால், 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கிய சேலம் காமலாபுரமும் இருக்கிறது. சென்னை விமான நிலையம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். சங்கராபுரத்தில் ரயில் கிடையாது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போட வேண்டிய பாதை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே வேன் பேசிக்கொண்டு போகிறார்கள், இல்லையென்றால் சொந்தக் காரை எடுக்கிறார்கள். பயணி உள்ளே போன பிறகு அந்தக் கார் எங்கே நிற்கிறது? விமான நிலையங்களை ஒட்டி வாழும் மக்கள் பல நாடுகளில் சொல்லும் புகார் ஒன்றுதான்: முன்பின் தெரியாத கார் ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றது, பத்து நாளாக நகரவில்லை.

அந்தக் காரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கண்ணாடிமேல் வேப்பம்பூவும் புழுதியும் அப்பியிருக்கும். வைப்பரில் யாரோ செருகிய விளம்பர நோட்டீஸ் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். உரிமையாளர் பொறுப்பில்லாதவர் அல்ல. டேஷ்போர்டில் தன் கைப்பேசி எண்ணை அட்டையில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். கூப்பிட்டால் ‘சுவிட்ச் ஆஃப்’. அவர் கடலுக்குமேல் பறந்துகொண்டிருப்பார், அல்லது வேறு நாட்டு சிம் போட்டிருப்பார். தெருக்காரர்களுக்கு இது நாகரிகக் குறைவாகத் தெரிகிறது. எனக்கு இது வெறும் கணக்காகத் தெரிகிறது. முனையத்தின் அருகே காரை நிறுத்த நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே பத்து நாளுக்கு 5,000 ஆகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தெருவில் விட்டுவிட்டு, ஆட்டோவுக்குப் போக வர 400 கொடுத்தாலும் 4,600 மிச்சம். இந்தக் கணக்கைப் போடத் தெரியாத குடும்பம் எது? ஒழுக்கம் போதித்து இதை நிறுத்த முடியாது. விமான நிலையம் தன் எல்லைக்குள் ஒரு விலை வைக்கிறது. எல்லைக்கு வெளியே அதே நிலத்துக்கு விலையே இல்லை. அந்த வித்தியாசம் இருக்கும்வரை கார் வெளியே வந்துகொண்டுதான் இருக்கும்.

வெளிநாட்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது. பிரிட்டனில் பயணியை இறக்கிவிடுவதற்கே கட்டணம் வசூலிக்கும் வழக்கம் பரவியது: மான்செஸ்டரில் 2018, கேட்விக்கில் 2021 மார்ச், ஹீத்ரோவில் 2021 நவம்பர். மான்செஸ்டர் விமான நிலையத்தை ஒட்டிய வைதன்ஷா குடியிருப்பில் சுற்றுலாப் பயணிகளின் கார்களைப் பற்றிய புகார் வெகு காலமாக உண்டு. சிட்னியில் விமான நிலைய ரயில் நிலையங்களில் ஏறி இறங்கத் தனிக் கட்டணம். அதே பாதையில் இருந்த மாஸ்கட், கிரீன் ஸ்கொயர் ஆகிய இரண்டு நிலையங்களில் 2011-இல் அந்தக் கட்டணத்தை எடுத்ததும் அங்கே கூட்டம் கூடியது. இத்தனைக்கும் ஆட்கள் அவர்களே, ரயிலும் அதேதான்.

இந்தப் பேச்சில் எப்போதும் குழம்பிப்போகும் ஓர் இடம் உண்டு. ‘விமானப் பயணி’ என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். உண்மையில் இரண்டு வகை. வளைகுடாவுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகும் தொழிலாளி காரை எங்கும் விட்டுப்போவதில்லை. அவரை வழியனுப்பக் குடும்பமே வேனில் வருகிறது. திரும்பும்போது கூட்டிவரவும் வருகிறது. அவர்களுக்கு வேண்டியது ஓரிரு மணி நேரம் காத்திருக்க ஓர் இடம். விமானம் தரையிறங்கிவிட்டது என்று செய்தி வந்த பிறகும் குடியேற்றச் சோதனை, பெல்ட்டில் பெட்டி, சுங்கம் என்று ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். முனையத்தின் முன்னால் இலவசமாக நிற்கக் கிடைப்பதோ சில நிமிடம்தான். வேன் டிரைவர் என்ன செய்வார்? சென்னை விமான நிலையத்துக்கு வெளியே ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் நிற்பார், விரட்டினால் பக்கத்துத் தெருவுக்குள் திரும்புவார். இன்னொரு வகை, தொழில் விஷயமாகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ ஒரு வாரம், பத்து நாள் போய்வருகிறவர். சொந்தக் காரைத் தானே ஓட்டி வருகிறவர். வாசலில் வேப்பம்பூ படியும் கார் இவருடையது. முதல் வகைக்குக் காத்திருக்கும் இடமும், இரண்டாம் வகைக்கு நாள்கணக்கில் நிறுத்தும் இடமும் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டடத்தில், ஒரே கட்டணப் பட்டியலில் தீர்க்கப் பார்ப்பதுதான் கோளாறு.

சென்னையில் அந்தக் கட்டடம் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் திறந்த ஆறு அடுக்கு வாகன நிறுத்தத்தில் 2,000 கார்களுக்கு மேல் நிற்கலாம். இடம் போதவில்லை என்ற பழைய புகாருக்கு அது பதில். விலைக்கும் தூரத்துக்கும் அது பதில் அல்ல. கள்ளக்குறிச்சிப் பயணிக்கு வேறு ஒன்றும் நடந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது; 2024 ஜனவரி முடிவதற்குள் தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கேயே நிற்கத் தொடங்கின. அதற்கு முன்பு விழுப்புரம் வழியாகக் கோயம்பேடு போன பேருந்துகளில் பல விமான நிலைய வாசலைத் தாண்டித்தான் போயின. டிரைவரிடம் சொன்னால் அங்கேயே இறங்கலாம். இப்போது பயணி சுமார் 15 கிலோமீட்டர் முன்பே இறக்கிவிடப்படுகிறார். மாநகரப் பேருந்து இருக்கிறது, மறுக்கவில்லை. முப்பது கிலோ பெட்டியோடு நள்ளிரவில் அதில் ஏறிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நகருக்குள்ளிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ 2016 முதல் ஓடுகிறது. ஆனால் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்று வாக்கில் முடிந்துவிடுகிறது. வெளிநாட்டு விமானங்களில் பல புறப்படுவது நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவில். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். தேவைப்படும் நேரத்தில் ரயில் தூங்குகிறது. விமான நிலையம்–கிளாம்பாக்கம் மெட்ரோ நீட்டிப்பு, 15.46 கிலோமீட்டர், திட்டத்தில் இருக்கிறது. அது வந்தாலும் இரவு இரண்டு மணிக்கு ஓடாவிட்டால் சங்கராபுரத்துக்காரர் காரைத்தான் எடுப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள தெரு வீட்டுக்காரருக்குச் சொந்தமல்ல. பூந்தொட்டியோ கருங்கல்லோ வைத்து இடம் பிடிப்பதற்கும், ‘நோ பார்க்கிங்’ என்று நாமே எழுதி கேட்டில் மாட்டும் பலகைக்கும் சட்ட பலம் எதுவும் இல்லை. ஆனால் நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது என்பது விதி. அதை மீறினால் புகார் கொடுக்கலாம். அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 127-ஆவது பிரிவு. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியை அகற்றவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ, அந்த எல்லைக்குரிய, சீருடை அணிந்த காவல் அதிகாரி உத்தரவிடலாம். ஆகவே பத்து நாள் நிற்கும் காருக்கு எதிராகப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. டயரின் காற்றைப் பிடுங்குவதும் கண்ணாடியில் கீறுவதும் மட்டும் வேண்டாம். அதில் குற்றவாளி ஆவது தெருக்காரர்தான்.

இந்த இடத்தில்தான் எதிர்வாதம் பலமாக வருகிறது. பத்து மணி நேர விதியை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் முதலில் மாட்டுவது வெளியூர்க்காரர் அல்ல. மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி மறுநாள் காலை எட்டு மணி வரை தன் காரைத் தெருவில் நிறுத்தும் அதே தெருவாசிதான். வரைபடத்தில் கார் நிறுத்தம் என்று காட்டி அனுமதி வாங்கிய இடத்தில் பிறகு கடையோ வாடகை அறையோ கட்டியவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் தெருவிலும் எண்ணிப் பார்க்கலாம். இந்த வாதம் நியாயமானது; இதை மழுப்பக் கூடாது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது பன்னிரண்டரைச் சதுர மீட்டர் நிலம் வேண்டும். உள்ளூர்க்காரர் எடுத்தாலும் வெளியூர்க்காரர் எடுத்தாலும் அது பொது நிலம்தான். ஜப்பானில் 1962 முதலே, வண்டி நிறுத்த இடம் உண்டு என்று காட்டினால்தான் கார் வாங்க முடியும். நம் நாட்டிலேயே ஐஸாலில் அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆகவே குடியிருப்பவருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தால் அதற்கும் ஒரு கட்டணம் இருக்க வேண்டும். வெளியாளுக்கு மணிக்கணக்கில் கூடுதலாக. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட தன் நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார்: வசூலிக்கும் பணத்தை அந்தத் தெருவின் விளக்குக்கும் நடைபாதைக்குமே செலவழியுங்கள். அப்போது காசு கேட்பதைத் தெருக்காரரே ஆதரிப்பார்.

‘சாலை வரி கட்டியிருக்கிறேனே’ என்ற வாதம் இவ்வளவு பலமானதல்ல. வரி சாலையில் ஓடுவதற்கு. ஓடாமல் பத்து நாள் கிடப்பதற்கு அல்ல. ‘விமான நிலையக் கட்டணத்தைக் குறைத்துவிட்டால் போதும்’ என்பதற்குக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். முனையத்தை ஒட்டிய இடம் விலை உயர்ந்தது. அங்கே நாள் கட்டணத்தை மலிவாக்கினால் பத்து நாள் கார்கள் அடுக்குகளை நிரப்பிவிடும், ஒரு மணி நேரம் காத்திருக்க வந்த குடும்பத்துக்கு இடம் கிடைக்காது. குறைக்க வேண்டியது தூரத்து நிலத்தின் விலையை. ஹீத்ரோவிலும் கேட்விக்கிலும் இறக்கிவிடுவதற்கு முனையத்தில் காசு. நீண்ட நாள் நிறுத்தத்தில் இறக்கிவிட்டால் காசில்லை, அங்கிருந்து முனையத்துக்கு ஷட்டில் பேருந்து. நமக்கும் இது பொருந்தும். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கார்கள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தைத் தாண்டித்தான் மீனம்பாக்கம் போகின்றன. அங்கே நாளுக்கு நூறோ நூற்றைம்பதோ வாங்கிக்கொண்டு, காவலும் கேமராவும் வைத்த நீண்ட நாள் நிறுத்தம் ஒன்றும், பெட்டி வைக்கத் தனித் தட்டோடு இரவு முழுக்க அரை மணிக்கு ஒரு பேருந்தும் இருந்தால், தெருவில் மிச்சமாகும் 4,600 ரூபாய்க் கணக்கு பாதிக்கு மேல் அடிபட்டுப் போகும். கார் பத்திரமாக இருக்கும் என்ற நிம்மதிக்கும் ஒரு விலை உண்டல்லவா? அதைக் கொடுக்கப் பலரும் தயங்க மாட்டார்கள்.

யார் செய்வது என்பதில்தான் சிக்கல். வாகன நிறுத்த வருமானம் ஒன்றிய அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு. கிளாம்பாக்கம் முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. கார் வந்து நிற்கும் தெரு மீனம்பாக்கமானால் சென்னை மாநகராட்சி, பல்லாவரமானால் தாம்பரம் மாநகராட்சி. காசு ஓரிடத்தில், தொல்லை இன்னோரிடத்தில் என்று இருக்கும்போது யாரும் தானாக முன்வர மாட்டார்கள். இதற்கென்றே ‘கும்டா’ என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் சென்னையில் இருக்கிறது. வாகன நிறுத்த வருமானத்தில் ஒரு பங்கை இரவுப் பேருந்துக்குக் கேட்டு வாங்கும் வேலையை அது எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் சென்னைக்காரர் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது, சின்ன அளவில் நம் ஊர்களிலும் இதே கதைதான். சேராப்பட்டு, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பைக்கில் இறங்கி வந்து, வெளியூர்ப் பேருந்து ஏறுகிறவருக்கு வண்டியை நாள்கணக்கில் விட ஓர் இடம் வேண்டும். ஸ்டாண்டில் நாள் வாடகை ஏறிக்கொண்டே போனால், பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்து இலவசம். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதைச் சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் உயிர்ப்பிக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. விமானம் அங்கே வருகிறதோ இல்லையோ, கள்ளக்குறிச்சிக்கு ரயில் வரத்தான் போகிறது. அந்த நிலையத்துக்கு இடம் ஒதுக்கும்போதே, ஒரு வாரம் வண்டி நிறுத்துகிறவருக்கென்று தனி மூலை, காத்திருக்கும் வேனுக்கென்று தனி ஓரம் எனப் பிரித்து, கட்டணப் பலகையும் மாட்டிவிட்டால் பெரிய செலவில்லை. ரயில் ஓடத் தொடங்கி, சுற்றிலும் மனை விலை ஏறி, தெருவில் நிறுத்துவது பழக்கமாகிவிட்ட பிறகு அதே மூலையை வாங்க நகராட்சியிடம் பணம் இருக்காது.