மறுசுழற்சி ஜல்லி: விற்குமுன் சில வார்த்தைகள்

இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்துச் சலித்த ஜல்லி சந்தைக்கு வந்துவிட்டது. விலை மலிவு என்பதால் வாடிக்கையாளரும் கேட்கிறார். கட்டுமானப் பொருள் விற்கும் நம் உறுப்பினர்கள் இதை விற்கலாமா? தாராளமாக விற்கலாம். 2016இல் வெளிவந்த ஐ.எஸ். 383 தரநிர்ணயமே இதற்கு இடம் தந்திருக்கிறது. ஆனால் எதற்கு, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கம்பி கட்டிய கான்கிரீட்டில், எம்25 தரம் வரை மட்டும், மொத்த ஜல்லியில் 20 சதவீதம் இதைச் சேர்க்கலாம். கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். எம்15-க்குக் குறைந்த தளக் கான்கிரீட்டுக்கு முழுவதுமே இதைப் போடலாம். செங்கல், பூச்சு எல்லாம் கலந்த இடிபாட்டு ஜல்லி என்றால் அந்தத் தளக் கான்கிரீட்டோடு சரி.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? பீம் பாரத்தால் நடுவில் வளைந்தால் விரிசலும் தொய்வும் முன்கூட்டியே தெரியும். முட்டுக் கொடுக்க நேரம் கிடைக்கும். வெட்டு விசையால் உடைவது அப்படியல்ல. தூணை ஒட்டிச் சாய்வாக ஒரு விரிசல் விழும், திடீரென்று உடையும். அந்த விரிசலின் இரு பக்கமும் ஜல்லி துருத்திக்கொண்டு, ஒன்றோடொன்று பல் கடித்தாற்போல் பிடித்து நிற்பதால்தான் வலுவின் ஒரு பகுதி கிடைக்கிறது. மறுசுழற்சி ஜல்லியிலோ பழைய சிமெண்டுக் கலவை ஒட்டியிருக்கும். விரிசல் கல்லைச் சுற்றிப் போகாமல் அதை ஊடுருவியே போய்விடும், பிடிப்பு குறையும். அந்தப் பழைய கலவை தண்ணீரையும் அதிகம் குடிக்கும். எனவே ஜல்லியை முன்கூட்டியே நனைக்கச் சொல்லுங்கள்.

விரிசலுக்குக் குறுக்கே நின்று தாங்குவது ரிங் கம்பி. ஐ.எஸ். 456 படி ரிங் இடைவெளி பீமின் பயனுறு ஆழத்தில் முக்கால் பங்கையோ 300 மி.மீ.யையோ தாண்டக் கூடாது. இது உச்சவரம்புதான், பொறியாளர் நெருக்கமாகக் கேட்டிருந்தால் அதுவே கணக்கு. ஜல்லியில் மிச்சம் பிடித்தவர் ரிங்கிலும் மிச்சம் பிடிக்க நினைப்பதைப் பார்க்கிறோம். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

சொல்லாமல் கலந்து கொடுப்பது வியாபாரமே அல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை மாற்றி விற்று அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவரும் பொறுப்பாளி. உற்பத்தியாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டாலும் அப்படியே. ஆகவே குவியலைத் தனியாகப் போடுங்கள். பில்லில் ‘மறுசுழற்சி ஜல்லி’ என்றே எழுதுங்கள். பீமுக்கு என்றால் பொறியாளரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.