வாசல் செடி வளருதா? எழுதி வச்சாத்தான் தெரியும்!

அளவும் கணக்கும் தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிது அல்ல. விடிந்தால் பெரட்டு, மலைக்குப் போனால் மட்டக்கம்பு, கொழுந்து மடுவத்துக்கு வந்தால் தராசு. இத்தனை கிலோ என்று எழுதினால்தான் அன்றைய பேர். தவறணையில் நிற்கும் நாற்றைக்கூட உயரம் பார்த்துத்தான் மலைக்கு எடுக்கிறார்கள்.

ஆனால் லயத்து இஸ்தோப்பிலும் ஜன்னல் ஓரத்திலும், பால்மா டின்னிலும் போத்தலிலும் நாமே ஆசையாக வைத்து வளர்க்கிற செடியை மட்டும் யாரும் அளப்பதில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்போம். இல்லாவிட்டால் "என்னமோ தெரியல, சோர்ந்து போச்சு" என்போம். அதோடு சரி.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிற சித்தி, "அடேயப்பா, புள்ள எப்புடி வளந்துட்டான்!" என்கிறார். பெற்ற தாய்க்கு அது தெரிவதில்லை. செடியும் அப்படித்தான். வளருகிறதா, நின்றுவிட்டதா, எப்போது நின்றது, அப்போது நாம் என்ன செய்தோம் என்பதெல்லாம் தேதி போட்டு எழுதிய எண்ணில்தான் தெரியும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. பிள்ளையின் அடிமட்டம், கொஞ்சம் ஊசி நூல், ஒரு பென்சில், பாதி எழுதிய பழைய கொப்பி ஒன்று போதும்.

பெரிய அறிஞர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள்

பெல்ஜியம் நாட்டில் வாழ்ந்த வான் ஹெல்மொன்ட் என்பவர், காயவைத்த மண் 200 றாத்தலை ஒரு பெரிய சட்டியில் போட்டு, 5 றாத்தல் நிறையுள்ள ஒரு மரக்கன்றை நட்டார். 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு பிடுங்கி நிறுத்தால் மரம் 169 றாத்தலுக்கு மேல். மண்ணைத் திரும்பவும் காயவைத்து நிறுத்தால் குறைந்திருந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். இந்தக் கணக்கு அவர் இறந்த பிறகு, 1648இல் அச்சில் வந்தது. மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் நினைத்தார். காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வெளிச்சத்தையும் கொண்டு செடி தன் உடம்பைக் கட்டுகிறது என்பது பின்னால்தான் தெரிய வந்தது. அவர் முடிவு முழுவதும் சரியில்லை என்றாலும், எழுதி வைத்த எண்கள் இன்றைக்கும் பயன்படுகின்றன.

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் 1724இல் சட்டியில் நின்ற ஒரு சூரியகாந்திச் செடியைக் காலையும் மாலையும் நிறுத்தார். இலை வழியாக எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறது என்று அந்த எடையில் கண்டார். இளந்தண்டில் சம தூரத்தில் புள்ளிகள் வைத்து, எந்தப் பகுதி நீளுகிறது என்றும் பார்த்தார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கருவியையே செய்தார்.

நம்முடைய தலவாக்கலையில் இருக்கும், 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வேலையும் இதே வகைதான். டீ.ஆர்.ஐ. 2025 போன்ற தேயிலை வகைகள் வெறும் கண்பார்வையில் தெரிவானவை அல்ல. எந்தச் செடி எவ்வளவு கொழுந்து கொடுக்கிறது என்று பல வருஷம் எழுதிப் பார்த்த பதிவுதான் நல்ல வகையைக் காட்டிக்கொடுக்கிறது.

எதை, எப்படி அளப்பது?

1. உயரம். மண் மட்டத்திலிருந்து அளந்தால் தவறு வரும். தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் இறங்கும், நாமும் புதுமண் போடுவோம். ஆகவே ஒரு மூங்கில் குச்சியை டின்னின் அடிவரைக்கும் குத்தி, அதில் ஒரு கோடு கீறிவிடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்து குருத்து நுனி வரைக்கும் அளக்க வேண்டும். இலை நுனி வரைக்கும் அளக்கக்கூடாது. காலையில் நிமிர்ந்து நிற்கிற இலை மத்தியான வெயிலில் தொங்கிப்போகும். மணி பிளான்ட் போன்ற கொடியாக இருந்தால் நூலைக் கொடியோடு வளைத்துப் பிடித்து, அந்த நூலை அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொரு விஷயம்: பல அடிமட்டங்களில் 0 என்ற கோடு ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். ஓரத்திலிருந்து அளக்காமல் அந்தக் கோட்டிலிருந்து அளக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

2. புது இலை. செடியில் உள்ள இலையை மொத்தமாக எண்ணினால் ஏமாந்து போவோம். மேலே இரண்டு இலை விட்டிருக்கும், கீழே இரண்டு பழுத்து விழுந்திருக்கும். கணக்கு மாறாது. அதனால் அளக்கிற நாளில், கடைசியாக முழுதாக விரிந்த இலையின் காம்பில் ஒரு வர்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அடுத்த முறை அந்த நூலுக்கு மேலே உள்ளவை எல்லாம் புது இலை. எண்ணியதும் நூலை மேலே மாற்றிக் கட்டுங்கள். அந்தூரியம் வளர்ப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். அந்தூரியத்தில் ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும். இலைக் கணக்குத் தெரிந்தால் பூக்கணக்கையும் ஓரளவு சொல்லலாம். பூ விற்கிற வீட்டுக்கு அது காசுக்கணக்கு.

3. இலையின் அளவு. புதிதாக விரிந்த இலையின் நீளத்தை, காம்பை விட்டுவிட்டு அளந்து எழுதுங்கள். ஆர்வமுள்ள பிள்ளைகள் இலையைப் பிடுங்காமலே சதுரக் கொப்பித் தாளில் வைத்து ஓரத்தைக் கோடு கீறலாம். உள்ளே எத்தனை சதுரம் என்று எண்ண வேண்டும். பாதிக்கு மேல் உள்ளே வந்த சதுரத்தை ஒன்றாக எண்ணுங்கள், பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். இலையின் பரப்பு கிடைத்துவிடும்.

4. தண்டின் சுற்று. ரோசா, கறிவேப்பிலை போன்ற தண்டு தடிக்கிற செடிகளுக்கு மட்டும் இது தேவை. ஒரே இடத்தில் நூலைச் சுற்றி அளங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

சட்டியை நிறுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். சட்டியின் நிறையில் பெரும்பகுதி மண்ணும் தண்ணீரும்தான். அது கூடுவதும் குறைவதும் தண்ணீரைத்தான் காட்டும். ஆனால் கையால் தூக்கிப் பார்த்து, "லேசா இருக்கு, தண்ணி ஊத்தணும்" என்று சொல்வதற்கு அது நல்ல வழி.

எப்போது அளப்பது?

வேகமாக ஓடுகிற கொடிகளைக் கிழமைக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அளக்கலாம். அந்தூரியம், குரோட்டன் போன்றவை மெதுவாக வளர்கின்றன. குளிர் கூடிய மலையில் இன்னும் மெதுவு. அவற்றுக்கு மாதம் ஒரு முறை போதும். அதற்குப் போயா நாளை வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாள், மறந்தும் போகாது. ஒரு போயாவிலிருந்து அடுத்த போயாவுக்கு 29 அல்லது 30 நாள், ஆகவே இடைவெளியும் ஏறக்குறைய சமமாக இருக்கும். எப்போதும் ஒரே நேரத்தில், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அளங்கள். ஆளும் ஒருவராக இருந்தால் நல்லது.

கொப்பி எழுதும் முறை

ஒரு செடிக்கு ஒரு பக்கம். மேலே செடியின் பெயர், நட்ட தேதி, வைத்திருக்கும் இடம். பிறகு ஐந்து கட்டம்: தேதி, உயரம், புது இலை, புது இலையின் நீளம், "செய்தது". இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். இடம் மாற்றியது, பசளை போட்டது, சட்டி மாற்றியது, நாலு நாள் மூடுபனி, பூச்சி கண்டது எல்லாம் அங்கே வரவேண்டும்.

அளந்த உடனே எழுதுங்கள். "ராத்திரிக்கு எழுதிக்கலாம்" என்றால் எண் மாறிப்போகும். தவறாக எழுதிவிட்டால் அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். ஒரு மாதம் தவறிப்போனால் அந்த இடத்தில் கோடு போட்டு விடுங்கள். இவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்து எழுதுவது கூடாது. கையில் போன் இருந்தால், அடிமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து ஒரு படமும் எடுத்து வைக்கலாம்.

மணி பிளான்ட் கொடி ஒன்றுக்கு ஒரு மாதிரிக் கணக்கு இதோ:

ஜனவரி போயா: 30 செ.மீ. ஜன்னல் ஓரம்.
பெப்ரவரி போயா: 36 செ.மீ. புது இலை 2. நீளம் 9 செ.மீ.
மார்ச் போயா: 42 செ.மீ. புது இலை 2. நீளம் 9 செ.மீ. அளந்த பிறகு அலுமாரி மேல் வைத்தது.
ஏப்ரல் போயா: 50 செ.மீ. புது இலை 1. நீளம் 6 செ.மீ.

உயரத்தை மட்டும் பார்ப்பவர், "முந்தி மாசம் 6 தான், இப்ப 8 வளந்திருக்கு, அலுமாரி மேல நல்லா இருக்கு" என்பார். புது இலைக் கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். முன்பு 3 செ.மீ.க்கு ஓர் இலை விட்ட கொடி, இப்போது 8 செ.மீ.க்கு ஓர் இலைதான் விட்டிருக்கிறது. அதுவும் சின்ன இலை. வெளிச்சம் போதாமல் கொடி வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. இலையில்தான் உணவு தயாராகிறது. இலை குறைந்து தண்டு மட்டும் நீண்டால் செடி தன் கைக்காசைச் செலவழித்து வாழுகிறது என்று அர்த்தம். ஒரே ஒரு சின்ன ஜன்னல் உள்ள காம்பராவில் இது அடிக்கடி நடக்கும். மருந்து, பசளை எதுவும் வேண்டாம். இடத்தை மாற்றினால் போதும்.

டொனிக் போத்தல் வாங்குமுன்

லயத்துக்கு வந்து "இதை ஊத்தினா பத்து நாள்ல பூக்கும்" என்று போத்தல் விற்பவர்கள் உண்டு. நல்லதா கெட்டதா என்று கொப்பியே சொல்லும். ஒரே தாய்க்கொடியிலிருந்து ஒரே அளவான ஆறு துண்டு வெட்டி, ஒரே மாதிரி டின்னில், ஒரே மண்ணில் நடுங்கள். மூன்றுக்கு ஊற்றுங்கள், மூன்றுக்கு ஊற்ற வேண்டாம். வெளிச்சம், தண்ணீர் எல்லாம் சமம். மூன்று போயா அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு செடியை மட்டும் வைத்துப் பார்த்தால், வளர்ந்தது டொனிக்காலா மழையாலா என்று சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டம். யூரியாவை அள்ளிப் போடுவதும் வேண்டாம். டின்னில் உள்ள கொஞ்ச மண்ணில் அது வேரைக் கருக்கிவிடும்.

கவனிக்க வேண்டியவை

போத்தலிலும் தட்டிலும் தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். ஞாயிறு தோறும் அளக்கும்போதே தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத்தண்ணீர் ஊற்றுங்கள். மணி பிளான்ட், அந்தூரியம் இரண்டின் இலையையும் மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழுகிற பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்னொரு வளர்ச்சிக் கணக்கு

இந்தக் கொப்பியை இரண்டு மூன்று மாதம் எழுதிய தாய்மாருக்கு இன்னொரு தாளும் எளிதாக விளங்கும். அதுதான் கிளினிக்கில் தருகிற பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவு. மாதாமாதம் நிறுத்துப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார்களே, அதுவும் இதே கணக்குத்தான். ஒரு புள்ளியை வைத்து எதையும் சொல்ல முடியாது. புள்ளிகள் சேர்ந்து கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் பேச்சு. "புள்ள நல்லாத்தான் ஓடி வெளையாடுது, எதுக்கு இன்னைக்கு கிளினிக்?" என்று ஒரு பேருக்காக நிறுக்காமல் விடுகிற மாதம், கொப்பியில் கோடு போட்டு விட்ட மாதம் மாதிரி. அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

செடி உயர்ந்துகொண்டே இலை குறைந்ததைப் பார்த்தோம். பிள்ளையும் அப்படித்தான். உயரம் மட்டும் போதாது, நிறையும் சேர்ந்து ஏற வேண்டும். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டாலும், கீழே இறங்கினாலும், அடுத்த கிளினிக் வரட்டும் என்று இருக்காமல் மிட்வைப் அம்மாவிடம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை நாள் வயிற்றோட்டம், எப்போது காய்ச்சல் என்று நீங்கள் எழுதி வைத்திருந்தால் அவருக்கும் காரணம் கண்டுபிடிப்பது இலகு. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். போன மாதத்து நம் பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

செடியில் ஒரு மாதம் பிழைத்துப் போனால் இன்னொரு துண்டு வெட்டி நட்டுக்கொள்ளலாம். பிள்ளையின் முதல் வருஷங்களைத் திரும்ப நட முடியாது. ஆகவே வருகிற போயாவுக்கு ஒரு பழைய கொப்பியை எடுங்கள். பாடசாலை போகிற மகனோ மகளோ அளக்கட்டும், நீங்கள் எண்ணைச் சொல்லி எழுத வையுங்கள். எழுதத் தெரியாத பாட்டி நூல் கட்டட்டும். கொப்பி எழுதி முடிந்ததும் பிள்ளையின் வளர்ச்சி அட்டையையும் எடுத்து, கடைசிப் புள்ளி எந்த மாதத்தில் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.