கடலோரப் பொதுநிலம்: சென் அன்றூஸ் பழைய கோல்ப் திடலின் வரலாறு

ஒரு விளையாட்டுத் திடலின் வரலாறு ஆட்டக்காரரின் வரலாறாக மட்டும் அமைவதில்லை. சிலவிடத்து அது நிலவுரிமையின் வரலாறாகவும், ஓர் ஊரார் தம் பொதுச்சொத்தைக் காத்துக்கொண்ட வரலாறாகவும் விளங்கும். ஸ்கொத்லாந்தின் கீழைக் கரையில், வடகடலை நோக்கி அமைந்துள்ள சென் அன்றூஸ் நகரின் 'பழைய திடல்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இத்திடல் 'லிங்க்ஸ்' எனப்படும் நிலவகையைச் சார்ந்தது. கடற்கரை மணலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட, மேடுபள்ளமான மணற்பாங்கே லிங்க்ஸ் ஆகும். உழவுக்குதவாத இந்நிலத்திற் குறும்புல்லும் முட்புதரும் வளரும். மழைநீர் தேங்காது விரைவில் வடிந்துவிடும். ஆடுகள் மேய்ந்து புல்லைக் குறுக்கின. முயல்கள் வளை தோண்டின. புல்லழிந்த இடங்களிற் காற்று மணலை வாரிப் பள்ளமாக்கியது. குளிர்காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிய இடங்களே இன்றுள்ள மணற்பள்ளங்கள் பலவற்றுக்குத் தோற்றுவாய் என்பர். ஆகவே இத்திடலைப் பெரும்பாலும் வகுத்தது இயற்கையே.

கோல்ப் ஆட்டம் ஸ்கொத்லாந்தில் வேரூன்றியிருந்தமைக்கு, அதனைத் தடுத்த சட்டமே சான்று பகர்கின்றது. மக்கள் விற்பயிற்சியைக் கைவிட்டுப் பந்தாடுகின்றனர் எனக் கண்டு, 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்துப் பாராளுமன்றம் கோல்பையும் உதைபந்தாட்டத்தையும் தடைசெய்தது. தடை நிலைக்கவில்லை. 1552இல் அதிமேற்றிராணியார் யோன் ஹமில்ற்றன் காலத்தில் எழுந்த பத்திரமொன்று, அவர் அந்நிலத்தில் முயல் வளர்க்கலாம் என இசைந்தது. அதே வேளையில் அங்கே விளையாடும் உரிமை ஊராருக்கு உண்டென்பதையும் உறுதிப்படுத்திற்று.

அவ்வுரிமைக்குப் பெருஞ்சோதனை 1797இல் வந்தது. கடன்சுமை தாங்காத நகரசபை அந்நிலத்தை விற்றது. பின்னர் அது முயல் வளர்க்கும் வணிகர் கைப்பட்டது. முயல்கள் பெருகித் திடலைக் குடைந்தன. ஆட்டக்காரருக்கும் வணிகருக்கும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வழக்கும் பூசலும் நிகழ்ந்தன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அதனை வாங்கி, கோல்ப் ஆட்டத்துக்கெனக் காத்தார். 1894இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் வழியாக அது மீண்டும் நகரத்தின் உடைமையாயிற்று. 1974இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் அதன் பராமரிப்பை ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

உலகெங்கும் ஓராட்டத்துக்கு 18 குழிகள் என்ற வழக்கும் இத்திடலிலேயே தோன்றியது. தொடக்கத்திற் கடலோரமாகச் சென்று அதே வழியில் மீளும் ஆட்டம் 22 குழிகளைக் கொண்டிருந்தது. 1764இல் முதல் நான்கு குழிகளை இரண்டாக இணைத்தனர். போதலிலும் மீளலிலும் இவ்விரண்டு குறைந்தமையால் எண்ணிக்கை 18 ஆயிற்று. பின்னர், செல்வோரும் மீள்வோரும் மோதாதிருக்கப் புற்றரைகள் அகலமாக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் இரு குழிகள் அமைந்தன. இத்தகைய இரட்டைப் புற்றரைகள் ஏழு உள. இரண்டாவதும் பதினாறாவதும், மூன்றாவதும் பதினைந்தாவதும் என இணையும் அவற்றுள் எவ்விரு குழியெண்களைக் கூட்டினும் 18 வருதல் சுவையான செய்தி. 1865இல் திடற்காப்பாளராகப் பொறுப்பேற்ற மூத்த ரொம் மொறிஸ் முதலாங் குழிக்குத் தனிப் புற்றரை அமைத்துத் திடலைத் திருத்தினார்.

பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இத்திடல் ஆடுவோரை எளிதில் விடுவதில்லை. இங்குள்ள 112 மணற்பள்ளங்களுட் சில, அடிக்குமிடத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படா. பதினான்காங் குழிக்குச் செல்லும் வழியிலுள்ள பெரும்பள்ளம் 'நரகம்' என்றே பெயர் பெற்றது. பதினேழாங் குழியில் புற்றரையின் முன்னே ஆழ்ந்த மணற்பள்ளமும், பின்னே சாலையும் மதிலும் உள. 1978இல் ஜப்பானிய வீரர் நக்கஜிமா அப்பள்ளத்திற் சிக்கி, அக்குழியை முடிக்க 9 அடிகள் எடுத்தார். இவையனைத்தினும் பெரிய பகை காற்றே. காலையில் ஆட்டத்துக்கு உதவிய காற்று மாலையில் எதிர்த்து வீசுதலுங் கூடும்.

அமெரிக்க வீரர் பொபி ஜோன்சின் வரலாறு இத்திடலின் இயல்பை நன்கு விளக்கும். 1921இல் இங்கு நடைபெற்ற போட்டியில், பதினோராங் குழியின் மணற்பள்ளத்திற் பட்ட அல்லலின்பின், அவர் ஆட்டத்தை விட்டு விலகினார். ஆயினும் திடலை வெறுத்தொதுக்காது அதன் நுட்பங்களைக் கற்றார். 1927இல் அங்கேயே 'ஓப்பின்' போட்டியை வென்றார். 1958இல் அந்நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. அமெரிக்கருள் 1759இல் பெஞ்சமின் பிராங்கிளின் பெற்ற பேறு அது.

'ஓப்பின்' போட்டி இங்கு முதன்முதல் 1873இல் நடந்தது. 2022இல் நடந்தது முப்பதாவது. எனினும் இத்திடல் இன்றும் பொதுநிலமே. ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டம் நிறுத்தப்படும்; ஊரார் அங்கே உலாவச் செல்வர். கடல் மணற்குன்றுகளை அரிப்பதால், புல் நட்டு அவற்றைக் காக்கும் பணியும் நடைபெறுகின்றது. ஒரு காலத்தில் முயலிடமிருந்து மீட்ட நிலத்தை இன்று அலையிடமிருந்து காத்தல் வேண்டியதாயிற்று. பொதுச்சொத்து ஒருமுறை பெற்றதனால் நிலைப்பதன்று. தலைமுறைதோறும் காக்கப்படுவதனாலேயே நிலைபெறும் என்பதை இத்திடல் உணர்த்துகின்றது.