முயற்கறி உடலுக்கு ஏற்ற உணவா?

திருவொற்றியூருக்கு வடக்கே, தீப்பெட்டித் தொழிற்சாலையொன்றின் பெயரைத் தாங்கி நிற்கும் விம்கோ நகரில் வசிக்கும் அங்கத்தினர் ஒருவர் நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அவருடைய மனைவியாருக்கு இரத்தச் சோகை. இறைச்சி சேர்த்துக்கொள்ளும்படி மருத்துவர் கூறினாராம். அதே வாரத்தில் முகவர் ஒருவர் வீடு தேடி வந்து, மொட்டை மாடியில் கூண்டு வைத்து முயல் வளர்த்தால் வீட்டுக்குக் கறியும் ஆகும், கைக்குப் பணமும் ஆகும், குட்டிகளைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று ஆசை காட்டியிருக்கிறார். சேமிப்பிலிருந்து பணம் எடுக்கலாமா, சங்கத்தில் கடன் கேட்கலாமா என்பது அங்கத்தினரின் கவலை. இதே எண்ணம் வேறு சிலருக்கும் இருக்கக்கூடுமாதலால், விடையை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில் எந்த முயல் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் புதர்க்காடுகளிலும் கொல்லைகளிலும் ஓடித் திரிவது காட்டு முயல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வேட்டையாடுவதும், அதன் இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். திருவிழா வேட்டை என்பது பரம்பரை வழக்கம் என்று சொல்லி அபராதத்திலிருந்து தப்ப இயலாது. நாம் இங்கே பேசுவது கூண்டில் வளரும் முயலைப் பற்றி மட்டுமே. அது ஐபீரியத் தீபகற்பத்துக் குழிமுயலின் வழிவந்த வேறோர் இனம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் மயக்கம் நேருகிறது.

இனி, கறியின் தன்மையைப் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராம் வளர்ப்பு முயற்கறியில் புரதம் 20 கிராம், கொழுப்பு ஐந்தரை கிராம் அளவில், கொலஸ்டிரால் 57 மில்லிகிராம், சோடியம் 41 மில்லிகிராம், இரும்பு ஒன்றரை மில்லிகிராம் அளவில் உள்ளன. அது தரும் சக்தி 136 கலோரி. ஐதராபாத்து தேசிய உணவியல் நிறுவனத்தின் பழைய அட்டவணையில் ஆட்டிறைச்சிக்கு 100 கிராமுக்குப் புரதம் பதினெட்டரை கிராமும் கொழுப்பு 13 கிராமுக்குச் சற்று மேலும் காட்டப்பட்டுள்ளன. இதைக் கொண்டு முயற்கறி ஆட்டுக்கறியினும் மேலானது என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுத் தொடைக்கறியில் கொழுப்பு முயற்கறியைவிடக் குறைவாகவும் இருப்பதுண்டு. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியும் அவ்வாறே. எந்தப் பிராணி என்பதோடு, எந்தப் பகுதி, எவ்வளவு எண்ணெயில் சமைத்தது என்பனவும் கணக்கில் வரவேண்டும்.

ஒன்றில் மட்டும் முயற்கறி தனிச்சிறப்புடையது. பி12 என்னும் உயிர்ச்சத்து அதில் மிகுதி. 100 கிராமில் கிடைப்பது வளர்ந்தவர் ஒருவரின் ஒரு நாள் தேவையைப் போல் இரு மடங்குக்கு மேல். இதற்கு முயலின் வழக்கமே ஒரு காரணம். அதன் பெருங்குடலின் முற்பகுதியில் நுண்ணுயிர்கள் உயிர்ச்சத்துகளை உண்டாக்குகின்றன. அங்கிருந்து வரும் மென்மையான உருண்டைகளை முயல் மீண்டும் தின்று அவற்றை உடலில் சேர்த்துக்கொள்கிறது. கேட்போர் முகம் சுளிக்கலாம். ஆனால் மாடு அசைபோடுவதற்கும் இதற்கும் பயனளவில் பெரிய வேற்றுமை இல்லை.

நம் அங்கத்தினரின் மனைவியாருக்கு வேண்டியதோ இரும்பு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை உள்ளது. ஆகவே இது ஒரு வீட்டின் துன்பம் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தபடி, வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. 100 கிராம் முயற்கறி தருவது அதில் இருபதில் ஒரு பங்கு. இறைச்சியிலுள்ள இரும்பு கீரையிலுள்ள இரும்பைவிட எளிதில் உடலில் சேரும் என்பதும், சோற்றோடும் பருப்போடும் கறியை உண்டால் அவற்றின் இரும்பும் நன்கு சேரும் என்பதும் உண்மையே. ஆயினும் கறியை மட்டும் நம்பி மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை விழுங்கியவுடன் தேநீர் அருந்தும் பழக்கத்தையும் விட வேண்டும். தேநீர் இரும்பைச் சேரவொட்டாது தடுக்கும். எலுமிச்சை பிழிந்த கீரையும் நெல்லிக்காயும் இதற்கு உறுதுணை.

முயற்கறியைப் பற்றி வழங்கும் வேறு பேச்சுகளும் உண்டு. இளைப்பு நோய் தீரும் என்பார்கள். முயல் இரத்தம் சேர்த்த தைலம் தலைமயிரை வளர்க்கும் என்று கடைகளிலும் விற்கிறார்கள். இவற்றுக்குத் தக்க சான்று கிடையாது. இளைப்புக்கு மருந்து எடுப்பவர் அதை நிறுத்திவிட்டு முயற்கறியை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் அச்சம் உலவுகிறது. முயற்கறி தின்றால் பட்டினியாகச் சாவோம் என்பதே அது. இதற்கு மூலமான செய்தி வேறு. கடுங்குளிர் நாடுகளில் கொழுப்பற்ற மெலிந்த முயலைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல் வாரக்கணக்கில் அதையே தின்றவர்கள் வயிற்றுப்போக்கும் தளர்ச்சியும் கண்டு நலிந்தனர். வட துருவப் பகுதியில் அலைந்த வில்ஹ்யால்மர் ஸ்டெஃபான்சன் இதை எழுதிவைத்தார். உணவின் சக்தியில் பெரும்பகுதியும் புரதத்திலிருந்தே வருமாயின், அதன் கழிவை மாற்றி வெளியேற்றக் கல்லீரலால் இயலாது. சோறும் நல்லெண்ணெயும் பருப்பும் உண்ணும் நம் வீடுகளில் இந்த அச்சத்துக்கு இடமே இல்லை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீக்கம் வருபவர்களும் மற்ற இறைச்சியைப் போலவே இதையும் மருத்துவரிடம் கேட்டு அளவோடு உண்ண வேண்டும்.

சமைப்பதில் இரண்டு சொல். கொழுப்புக் குறைந்த கறியாகையால் வறுத்தால் நார்நாராகக் காய்ந்துவிடும். தயிரில் ஊறவைத்துக் குறைந்த தீயில் குழம்பாக வைப்பதே நன்று. உட்பகுதி வரை நன்றாக வேகவேண்டும். எலும்புகள் மெல்லியவை, கூராக உடையக்கூடியவை. குழந்தைகளுக்குச் சதையைப் பிரித்தே ஊட்டுக. அறுக்கும்போது ஈரலில் வெண்புள்ளிகள் கண்டால் அந்த ஈரலை எறிந்துவிட வேண்டும். கழிச்சல் நோய்க் கிருமியின் அடையாளம் பெரும்பாலும் அது.

நிற்க, வளர்ப்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். முயல் குளிர்விரும்பி. நீலகிரியில் சாந்திநல்லாவிலுள்ள ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும் முயலினங்களைப் பேணிவருவது தற்செயலன்று. வெப்பம் 30 பாகை சென்டிகிரேடைத் தாண்டினால் ஆண் முயலின் விந்து கெடத் தொடங்கும். பெண் முயல் சினைப்பிடிப்பது அரிதாகும். கடும் வெயிலில் நின்ற நிலையிலேயே விழுந்து சாகும். சித்திரை வைகாசியில் விம்கோ நகரின் மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டு வைப்பதென்பது பணத்தை வெயிலில் காயவைப்பதேயாகும். சமவெளியில் வளர்க்கவே முடியாது என்பதில்லை. ஓலை வேய்ந்த உயரமான கூரை, காற்றோட்டம், குளிர்ந்த நீர், வெயில் மாதங்களில் இனவிருத்தியை நிறுத்தும் பொறுமை ஆகியவை வேண்டும்.

தீனியிலும் இவ்வட்டாரத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் மூடியதை யாரும் மறந்திரார். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த நிலங்களும் அங்கே உண்டு. இலவசமாகக் கிடைக்கிறதென்று கால்வாய்க் கரையிலும் சாலையோரத்திலும் புல் அறுத்துப் போட்டால், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் முயலின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேர்ந்து நம் தட்டுக்கே வரக்கூடும். அகத்தி, வேலிமசால், முருங்கைத் தழை இவற்றை நல்ல மண்ணில் தாமே பயிரிடக்கூடியவர்க்கே இத்தொழில் பொருந்தும். இந்த வகையில் நம் சங்கத்தின் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பெண் முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். நன்கு பேணினால் ஆண்டுக்கு நான்கு ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி தேறும் எனக் கொள்வோம். மூன்று மாதத்தில் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடை வந்து, அறுத்தால் எலும்போடு ஒரு கிலோ கறி கிடைக்கும். ஆக, ஒரு தாய் முயலுக்கு ஆண்டில் 20 கிலோ. நால்வர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு வாரம் ஒன்றுக்கு 100 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். இது இகழத்தக்கதன்று, வாரம் ஒரு நாள் குழம்புக்கு அது போதும். ஆனால் இதே விம்கோ நகர்வாசிக்குக் காசிமேட்டு மத்தி மீன் எட்டும் தூரத்தில் இருக்கிறது. புரதத்தில் மத்தி முயலுக்கு இளைத்ததன்று. இதயத்துக்கு நலம் தரும் கொழுப்பும் அதில் மிகுதி. கூண்டு, தீனி, உழைப்பு எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

முகவரின் வாக்குறுதி பற்றி நம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2012இல் பெருந்துறைப் பக்கத்தில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது, நெசவாளரும் உழவருமாகப் பலர் நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்தை இழந்தனர். அங்கும் சொல்லப்பட்டது இதுவே: குஞ்சை எங்களிடம் வாங்குங்கள், வளர்ந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். குட்டியைச் சந்தை விலைக்கு மேல் விற்று, அதே குட்டியைத் திரும்ப வாங்குவதாகச் சொல்பவருக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது? கறி தின்பவரிடமிருந்து வருமானால் கறிக்கடையைக் காட்டட்டும். அடுத்துச் சேரும் ஆளின் பணத்திலிருந்து வருமானால், ஆள் சேர்வது நின்ற நாளில் எல்லாம் நின்றுவிடும். ஈமுவைப் போலன்றி முயல் நல்ல பிராணியே. பிராணியின் நன்மை ஒப்பந்தத்துக்கு நன்மை ஆகாது.

ஆகவே விம்கோ நகர் அங்கத்தினருக்கு நாம் கூறுவது: முயற்கறி கிடைத்தால் தாராளமாக உண்ணலாம். மனைவியாருக்கு மாத்திரை நிற்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கட்டும். முகவருக்கு ஒரு காசும் தர வேண்டாம். வளர்க்கும் ஆசை விடாதாயின், ஒரு சோடி முயலை மட்டும் நம்பத்தக்க பண்ணையில் வாங்கி, நிழலுள்ள இடத்தில் ஐப்பசியில் தொடங்கி ஒரு கோடை கழியும் வரை வளர்த்துப் பார்க்கட்டும். அந்தக் கோடையில் எத்தனை முயல் தங்கியது, தீனிக்கு எவ்வளவு ஆயிற்று என்ற கணக்கோடு வந்தால், கடன் விண்ணப்பத்தை அப்போது பேசிக்கொள்ளலாம். விற்பனைக்கு அறுப்பதாயின் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அவர் நினைவில் வைத்துக்கொள்வாராக.